பழைய 1/72 மொஸ்கிட்டோ விமான மாடல் கிட், எந்த ரெண்டு பீஸும் ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

அரைகுறை_மெக்கானிக்:

வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா இங்க வந்து அடுத்தவங்க கட்டுறத வேடிக்கை பாத்துட்டே இருந்தவன், இப்போ நானே மாட்டிக்கிட்டேன். பரண்ல கெடந்த ஒரு பழைய கிட்டை எடுத்து ஆரம்பிச்சிட்டேன். டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ, ரெண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் விமானம், அதுல எஃப்.பி. 6ங்கற வகை, 1/72, அதாவது நிஜத்துல 72ல ஒரு பங்கு சைஸ் பிளாஸ்டிக் மாடல். கம்பெனி பேர் சொல்லல, சொன்னா அத வச்சே நாலு பக்கம் சண்டை ஓடும். பெட்டி மூலையெல்லாம் டேப் ஒட்டி ஒட்டி இப்போ டேப் தான் பெட்டியா நிக்குது. எங்க அண்ணன் ஸ்கூல் படிக்கும்போது ஆரம்பிச்சு பாதில விட்டது. அவன்கிட்ட கேட்டா "அது இன்னுமா இருக்கு, தூக்கிப் போடுடா"ங்கிறான்.

என்னென்ன பிரச்சனைன்னு சொல்றேன்.

ஃபியூஸலாஜ், அதாவது விமானத்தோட உடம்பு, அதுல இடது பாதி வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. மூக்கையும் வாலையும் சேத்துப் பிடிச்சா நடுவுல 2 மி.மீ. வாய் பொளக்குது, நடுவ அமுக்கினா வால் பிரியுது. ரெண்டு கை பத்தல, வாயால கூட ஒரு பக்கம் கவ்விப் பிடிச்சுப் பாத்துட்டேன், சிரிக்காதீங்க.

விங்கை உடம்போட வச்சுப் பாத்தா மேல் பக்கம் என் கட்டை விரல் நகம் உள்ள போற அளவுக்கு சந்து. கீழ் பக்கம் இடிச்சிக்கிட்டு நிக்குது. அது போக விங் தடிமன் ஒண்ணு, உடம்புல அது சேர்ற எடத்து தடிமன் ஒண்ணு, ஒரு படிக்கட்டே இருக்கு.

வலது நாசெல், அதாவது இஞ்சின் கூடு, அத அண்ணன் அப்பவே ஒட்டி வச்சிட்டான், அதுவும் உள் பாதி எடத்துல வெளிப் பாதி, வெளிப் பாதி எடத்துல உள் பாதி. டியூப் பசை வழிஞ்சு காஞ்சு போய் கெடக்கு. இடது விங் மேல பசைக் கையோட பிடிச்சிருக்கான் போல, கட்டை விரல் ரேகை பிளாஸ்டிக்ல அப்படியே பதிஞ்சிருக்கு, ரேகை எண்ணலாம்.

அப்புறம் உடம்பு பூரா வேர்க்குரு மாதிரி ரிவெட்டு. கேனப்பி, அதாவது காக்பிட் மேல மூடற கண்ணாடிக் கூண்டு, சோடாபுட்டி கண்ணாடி மாதிரி தடிமனா இருக்கு, வச்சுப் பாத்தா ஒரு பக்கம் அரை மி.மீ. குறையுது. தண்ணில நனைச்சு ஒட்டற டிகால் ஸ்டிக்கர் ஷீட் மஞ்சளா பழுத்துப் போச்சு.

"புது கிட் வாங்கு"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, அது எனக்கும் தெரியும். இத எப்படி முடிக்கிறதுன்னு தான் கேள்வி. கைல இருக்கறது டியூப் பசை, பிளேடு, உப்புத்தாள், சந்து அடைக்க ஒரு டியூப் புட்டி. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?


வேகமா_முடிப்போம்:

புது கிட் வாங்கு ப்ரோ.

சரி சரி அடிக்க வராதீங்க. சீரியஸா சொல்றேன், புட்டிய தாராளமா அப்பி, தேச்சு, கருப்பு பெயின்ட் அடிச்சு விடுங்க, ராத்திரி சண்டைக்குப் போற மொஸ்கிட்டோவா ஆயிடும், கருப்புல ஒரு குறையும் தெரியாது. மூக்குல வெயிட் வைக்க மறந்துடாதீங்க, இல்லன்னா பின்னாடி சாஞ்சிடும்.


உப்புத்தாள்_அக்கா:

மூக்குல வெயிட்டா?! மொஸ்கிட்டோவுக்கு வால்ல தான் சக்கரம், அது பின்னாடி சாஞ்சு தான் நிக்கணும். மேல இருக்கற அட்வைஸ்ல இது ஒண்ணு போதும் மீதிய எப்படி எடுத்துக்கணும்னு புரிய. கருப்பு எல்லாத்தையும் மறைக்கும்ங்கறதும் தப்பு தம்பி, கொஞ்சம் பளபளப்பு இருந்தாலே கருப்புல தான் மேடு பள்ளம் பளிச்சுன்னு காட்டிக் கொடுக்கும்.

மெக்கானிக் தம்பி, மொதல்ல பசை மூடிய மூடுங்க. ரெண்டு நாளைக்கு பசையே வேணாம்.

பார்ட்ஸ் எல்லாத்தையும் ஸ்ப்ரூவோடயே, அதாவது அது மாட்டிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டத்தோடயே, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில பழைய டூத் பிரஷ் வச்சு கழுவுங்க. அச்சுல இருந்து பீஸ் ஈஸியா கழண்டு வர்றதுக்கு போடற எண்ணெய், அதுக்கு மேல இத்தன வருஷ பரண் தூசி, இது ரெண்டும் இருந்தா பெயின்ட் உரிஞ்சு வரும். டிகால் ஷீட்டை மட்டும் எடுத்து தனியா வச்சிடுங்க.

அடுத்து ஃபிளாஷ். பழைய அச்சுன்னா ரெண்டு பாதி உலோகமும் தேய்மானத்துல இறுக்கமா மூடாது, அந்த சந்துல பிளாஸ்டிக் கசிஞ்சு மெல்லிசா தோல் மாதிரி ஓரத்துல நிக்கும். வெளிய தெரியறத எல்லாரும் வெட்டிடுவாங்க, உள் ஓரத்துல, ஒட்டற முகத்துல இருக்கறத விட்டுடுவாங்க. உங்க சந்துல பாதி அதனால தான்னு நான் சந்தேகப்படறேன். ஒரு கண்ணாடித் துண்டு மேல 400 நம்பர் உப்புத்தாள டேப் போட்டு ஒட்டி, தண்ணி விட்டு, ஃபியூஸலாஜ் பாதிய முகம் கீழ இருக்கற மாதிரி வச்சு எட்டு போடற மாதிரி தேய்ங்க. அஞ்சாறு சுத்து. திருப்பிப் பாத்தா எங்க பளபளப்பு போயிருக்கு, எங்க இன்னும் மினுமினுங்குதுன்னு தெரியும். மினுங்கற எடம் தான் பள்ளம். ஓரம் பூரா ஒரே மாதிரி மங்கற வரைக்கும் மட்டும் தேய்ங்க, அதுக்கு மேல தேச்சா உடம்பு ஒல்லியாயிடும்.

அதுக்கு முன்னாடி அந்த பின் எல்லாத்தையும் வெட்டிப் போட்டுடுங்க, ஓட்டைல சொருகறதுக்கு குச்சி மாதிரி இருக்குமே அது. பழைய கிட்டுல பின் ஒரு எடத்துலயும் ஓட்டை கால் மி.மீ. தள்ளியும் இருக்கும், நாம பின்ன நம்பி சொருகினா ரெண்டு பாதியும் ஏறி இறங்கி நிக்கும். பின்னுக்குப் பதிலா ஒரு பாதியோட உள் ஓரத்துல அங்கங்க சின்ன பிளாஸ்டிக் ஷீட் துண்டு, நாக்கு மாதிரி வெளிய நீட்டற மாதிரி ஒட்டுங்க. அடுத்த பாதி அதுமேல வந்து ஒக்காரும்.

வளைவுக்கு வென்னீர். கொதிக்கற தண்ணி வேணாம், பாலிஸ்டைரீன் 100 டிகிரி கிட்ட வந்தா இளகிடும், அப்புறம் வில்லு கரண்டியாயிடும். கை வைக்க முடியாத சூடு, அவ்வளவு போதும். அரை நிமிஷம் முக்கி எடுத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கமா மெதுவா, வேணுங்கறதுக்கு கொஞ்சம் அதிகமா வளைச்சுப் பிடிச்சு, அப்படியே பச்சத் தண்ணில விடுங்க. ஒரே தடவைல வராது. நாலஞ்சு தடவை பண்ணுங்க. பூரா நேராகலன்னா கூட பரவால்ல, பாதி வளைவு போனா மீதி ஒட்டும்போது இழுத்துப் பிடிச்சா வந்துடும்.

ஒட்டும்போது மொத்த உடம்பையும் ஒரே நாள்ல ஒட்டணும்னு நெனைக்காதீங்க. மூக்கு பக்கம் ரெண்டு செ.மீ. ஒட்டி டேப் போட்டு ராத்திரி விடுங்க. மறுநாள் அடுத்த ரெண்டு செ.மீ. அப்படியே வால் வரைக்கும் போங்க. டியூப் பசை இதுக்கு ஆகாது, தண்ணி மாதிரி இருக்கற லிக்விட் சிமென்ட் வாங்கிக்கோங்க, ரெண்டு பீஸையும் சேத்துப் பிடிச்சு பிரஷ் நுனிய சந்துல தொட்டா தானா உள்ள ஓடிடும். ஓடினதும் லேசா அமுக்கினா இளகின பிளாஸ்டிக் பாசி மணி மாதிரி வரிசையா வெளிய பிதுங்கும். அது நல்லது, தொடாதீங்க, காஞ்சதும் சீவி எடுத்தா அதுவே புட்டி.


மர_ஆகாயம்:

அக்கா சொன்னது எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு. நான் மொஸ்கிட்டோ பைத்தியம், அதனால விமானத்தப் பத்தி கொஞ்சம், ஏன்னா இந்த கிட்டுல உங்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கு, நீங்க கவனிக்கல.

நிஜ மொஸ்கிட்டோ மர விமானம். பால்சா மரத்த நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் பிர்ச் பிளைவுட் தகடு ஒட்டி, அதுவும் எப்படின்னா உடம்ப இடது பாதி வலது பாதின்னு தனித்தனியா ரெண்டு அச்சு மேல செஞ்சு, உள்ள வயர் பைப் கன்ட்ரோல் எல்லாம் பாதி பாதியா மாட்டி, கடைசில ரெண்டையும் நடுக்கோட்டுல வச்சு ஒட்டினாங்க. அதாவது நீங்க இப்போ மேஜை மேல என்ன பண்றீங்களோ அதே தான். 1940 நவம்பர் 25 அன்னிக்கு மொதல் தடவையா பறந்துச்சு, மொத்தம் 7,700க்கு மேல செஞ்சாங்க, எல்லாமே ரெண்டு பாதிய ஒட்டினது தான்.

அவங்களுக்கும் ஒட்டு தகராறு இருந்துச்சு. 1944 கடைசில இந்தியா, பர்மா பக்கம் இருந்த மொஸ்கிட்டோக்கள்ல சிலது பறக்கும்போதே இறக்கை உடைஞ்சு விழுந்து, மத்ததையும் பறக்க விடாம நிறுத்தி வச்சாங்க. வெயிலும் ஈரமும் தான் காரணம்னு மொதல்ல நெனச்சாங்க, ஆராய்ஞ்சு பாத்தப்போ இறக்கைய ஒட்டின லட்சணத்துலயே குறை தெரிஞ்சுது. அதனால உங்க சந்துக்காக ரொம்ப வெக்கப்படாதீங்க.

இப்போ அதிர்ஷ்டம். மரத்துல ரிவெட்டு கிடையாது. பிளைவுட் மேல துணி ஒட்டி, டோப்ங்கற வார்னிஷ் பூசி, பெயின்ட் அடிச்ச வழவழப்பான உடம்பு. அந்த துணிக்கு மடப்போலம்னு பேரு, ஆந்திராவுல நரசாபூர் பக்கத்துல இருக்கற மாதவாயபாளையம்ங்கற ஊர்ல இருந்து வந்த பேரு, நம்ம பக்கத்து பருத்தித் துணி பேரு போய் பிரிட்டிஷ் விமானத்து மேல ஒட்டிக்கிச்சு, எனக்கு இத நெனச்சா எப்பவும் ஒரு குஷி. விஷயம் என்னன்னா உங்க கிட்டுல இருக்கற வேர்க்குரு அம்புட்டும் பொய். தேச்சுத் தள்ளிடுங்க, ஒண்ணையும் திரும்ப கீறி வரைய வேண்டியதில்ல. வேற உலோக விமானமா இருந்திருந்தா சந்துல புட்டி போட்டுத் தேய்க்கும்போது அழியற கோட்டை எல்லாம் திரும்ப கீறணும், அதுலயே பாதி பேரு கிட்டை மூடி வச்சிடுவாங்க.

ரெண்டு எடம் மட்டும் ஜாக்கிரதை. இஞ்சின் மூடி நிஜத்துலயும் உலோகத் தகடு, கழட்டி மாட்டறது, அங்க கோடு இருக்கணும். ரெண்டாவது, உடம்போட வலது பக்கம் விங்குக்கு பின்னாடி நீளமா ஒரு மேடு ஓடும், ஒரு பட்டை மாதிரி. அத அச்சுத் தப்புன்னு நெனச்சு தேச்சிடாதீங்க. அந்தப் பக்கம் ஒரு கதவு வெட்டியிருக்கு, அதனால பலம் குறையுற எடத்துக்கு முட்டு கொடுத்திருக்காங்க. இத தேச்சுத் தள்ளிட்டு அப்புறம் ஸ்ப்ரூவ நெருப்புல காட்டி கம்பியா இழுத்து திரும்ப ஒட்டின ஆளு நான்.

விங்குக்கு: மேல் பாதியையும் கீழ் பாதியையும் மொதல்ல ஒட்டாதீங்க. மேல் பாதிய மட்டும் உடம்போட ஒட்டுங்க, சந்து இல்லாம இறுக்கி. காஞ்சப்புறம் கீழ் பாதி. படிக்கட்டு கீழ் பக்கம் போயிடும், அங்க யார் பாக்கப் போறா.


உப்புத்தாள்_அக்கா:

விங் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். அந்த முறை நல்ல முறை தான், ஆனா மேல் பாதி மட்டும் தனியா இருந்தா முறுக்கிக்கும், இந்த மாதிரி வளைஞ்ச பிளாஸ்டிக்ல ரெண்டு பக்க இறக்கையும் ஒரே உயரத்துக்கு தூக்கி நிக்க வைக்கிறது கஷ்டம். முன்னாடி இருந்து பாத்தா ஒண்ணு கைய தூக்கின மாதிரியும் ஒண்ணு தொங்கின மாதிரியும் இருக்கும், அதுக்கு எந்த புட்டியும் கிடையாது.

மேல சந்து இருக்குன்னா உடம்பு குறுகலா இருக்குன்னு அர்த்தம். விங் சேர்ற எடத்துல உடம்புக்கு உள்ள ஒரு ஸ்ப்ரூ துண்ட குறுக்கா முட்டுக் கொடுங்க, தொட்டில் கம்பு மாதிரி. ஒரு மி.மீ. உடம்பு வெளிய தள்ளினா மேல் சந்து தானா மூடிடும். இறக்கைய ரெண்டு பாதியும் ஒட்டி முழுசா வச்சுக்கோங்க.


மர_ஆகாயம்:

ஒத்துக்கறேன், வளைஞ்ச கிட்டுக்கு அக்கா முறை தான் சரி. மெக்கானிக், அக்கா சொன்னத கேளுங்க.


பரண்_வாசி:

நாசெல் பத்தி யாரும் சொல்லல. ஒட்டினத பிரிக்கறதுக்கு ஃப்ரீசர்ல போடுங்க. ஜிப் கவர்ல போட்டு ஒரு ராத்திரி. பழைய டியூப் பசை தடிமனா காஞ்சிருந்தா குளிர்ல நொறுங்கற மாதிரி ஆயிடும், வெளிய எடுத்த உடனே சந்துல பிளேட சாய்ச்சு வச்சு லேசா நெம்பினா "டிக்"னு ஒரு சத்தம் வரும். வந்தா சந்தோஷம். வரலன்னா பசை பிளாஸ்டிக்கையே கரைச்சு ஒண்ணாக்கிடுச்சுன்னு அர்த்தம், அப்போ மெல்லிசு ரம்பம் வச்சு ஒட்டின கோட்டு மேலயே அறுங்க, அறுத்ததுல போன தடிமனுக்கு ஒரு சின்ன ஷீட் பட்டை வச்சு ஈடு கட்டுங்க. நெம்பும்போது பிளேடு வழுக்கினா நேரா இடது கை தான், நாசெல்ல கிளிப்புல மாட்டிட்டு பண்ணுங்க, கைல பிடிச்சுட்டு வேணாம்.

ஒட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணு பாருங்க. பழைய கிட்டுல லேண்டிங் கியர் கால நாசெல் ரெண்டு பாதிக்கும் நடுவுல வச்சு ஒட்டச் சொல்லுவான் தாள்ல. அப்படி ஒட்டினா பெயின்ட் அடிச்சு முடியற வரைக்கும் அந்த கால் நீட்டிட்டே இருக்கும், பத்து தடவை இடிச்சு ரெண்டு தடவையாவது உடையும். காலோட மேல் நுனில இருக்கற குமிழ பாதி வெட்டிப் பாருங்க, கடைசில வளைச்சு உள்ள சொருகற மாதிரி வந்துடும்.

அண்ணன் கட்டை விரல் ரேகைய என்ன பண்ணப் போறீங்க? 😄


வேகமா_முடிப்போம்:

வெயிட் மேட்டர்ல நான் தப்பு, ஒத்துக்கறேன், கடைசியா கட்டினது பி-25, அதுக்கு மூக்குல சக்கரம், அந்த ஞாபகம். ஆனா ஒரு கேள்வி, புட்டி ஏன் வேணாம்ங்கறீங்க? நான் எல்லாத்துக்கும் டியூப் புட்டி தான்.


உப்புத்தாள்_அக்கா:

வேணாம்னு சொல்லல, அதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. டியூப் புட்டி சால்வன்ட் ஆவியாகி காயுது, ஆவியான அளவுக்கு சுருங்கும். 2 மி.மீ. சந்துல ஒரே அடியா அடைச்சா மேல தோல் காஞ்சு உள்ள பச்சையா இருக்கும், தேச்சு பெயின்ட் அடிச்சு ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா கோடு உள்வாங்கியிருக்கும். தடிமனா போட்டா அந்த சால்வன்ட் அடியில இருக்கற பிளாஸ்டிக்கையும் இளக்கிடும்.

நான் பண்றது என்னன்னா, நகம் போற சந்துக்கு பிளாஸ்டிக் ஷீட் பட்டை. ஷீட்ட ஆப்பு மாதிரி சீவி சந்துல தள்ளி லிக்விட் சிமென்ட் விட்டு, காஞ்சதும் நீட்டிட்டு இருக்கறத வெட்டிடுவேன். பிளாஸ்டிக்கோட பிளாஸ்டிக் சேந்துடும், சுருங்காது, தேய்க்கும்போதும் ஒரே மாதிரி தேயும். மயிரிழை சந்துக்கு சூப்பர் க்ளூ, ஆனா அத போட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள தேச்சிடணும், மறுநாள்னா அது பிளாஸ்டிக்க விட கல்லாயிடும், உப்புத்தாள் அத விட்டுட்டு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக்க தின்னு பள்ளமாக்கிடும். கொஞ்சம் டால்கம் பவுடர் கலந்து போட்டா இளக்கமா இருக்கும், தேய்க்க ஈஸி. படிக்கட்டுக்கு எபாக்ஸி புட்டி, ரெண்டு கலர் உருண்டைய பிசைஞ்சு போடறது, ஈர விரலால வழிச்சு விட்டா தேய்க்கற வேலையே பாதி மிச்சம். டியூப் புட்டி கடைசியா, கீறலுக்கும் ஊசி ஓட்டைக்கும் மட்டும்.

எல்லாம் தண்ணி விட்டுத் தேய்ங்க, அந்த தூள மூக்குல இழுக்காதீங்க.


அரைகுறை_மெக்கானிக்:

மூணு வாரம் கழிச்சு வரேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நெலவரம் சொல்றேன்.

கழுவின தண்ணி பாக்க சகிக்கல. கண்ணாடி மேல தேச்சப்போ அக்கா சொன்ன மாதிரியே மினுமினுப்பு நடுவுல தான் இருந்துச்சு, அது தேஞ்சு முடிய ஒரு சாயங்காலம் போச்சு. வென்னீர் ஆறு தடவை. மூணாவது தடவை ரொம்ப வளைச்சு எதிர்ப்பக்கம் வில்லாயிடுச்சு, திரும்ப முக்கி திரும்ப வளைச்சு, கடைசில கிட்டத்தட்ட நேரா வந்துச்சு. மூக்குல இருந்து ரெண்டு ரெண்டு செ.மீ. ஒட்டி வாலுக்கு வந்து சேர ஒரு வாரம்.

நாசெல் ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி. காலைல எடுத்து பிளேட வச்ச உடனே அந்த "டிக்" சத்தம், ஐயோ எப்படி இருந்துச்சு தெரியுமா, பக்கத்துல யாராவது இருந்திருந்தா கட்டிப் பிடிச்சிருப்பேன். முன்னாடி பாதி சுத்தமா பிரிஞ்சுது, பின்னாடி முனைல மட்டும் ஒரு அரை செ.மீ. ரம்பம் வேண்டியிருந்துச்சு.

கியர் கால் குமிழையும் வெட்டிட்டேன், கடைசில சொருக வருது.

முட்டு கம்பு வச்சு விங் சந்தும் மூடிடுச்சு. இங்க தான் வம்பு. ஒரு மி.மீ. சொன்னாங்க, எனக்கு ஒரு மி.மீ.ல மூடல, கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணரைக்கு போயிட்டேன். விங் அழகா வந்து ஒக்காந்துடுச்சு, ஒரு துளி புட்டி கூட இல்லாம. அந்த சந்தோஷத்துல கேனப்பிய எடுத்து வச்சுப் பாத்தா, மொதல்ல ஒரு பக்கம் அரை மி.மீ. தான் குறைஞ்சுது, இப்போ ரெண்டு பக்கமும் ஒரு மி.மீ. குறையுது. காக்பிட் நேரா விங்குக்கு மேல தானே இருக்கு, கீழ தள்ளினா மேலயும் அகலமாகும்னு எனக்கு உறைக்கவே இல்ல. கேனப்பி இப்போ பெரிய தலைல சின்னக் குல்லா வச்ச மாதிரி இருக்கு. உடம்பு ஒட்டியாச்சு, விங்கும் ஒட்டியாச்சு. இனி என்ன?


உப்புத்தாள்_அக்கா:

தப்பு என் மேல தான், முட்டு கொடுக்கச் சொன்னப்பவே கேனப்பியையும் கையோட வச்சுப் பாருங்கன்னு சொல்லியிருக்கணும். பழைய கிட்டுல ஒரு சந்து மூடினா அது போய் எங்கயாவது வேற எடத்துல திறக்கும். அதனால தான் நான் டேப் போட்டு மொத்த விமானத்தையும், வால், கேனப்பி, ஸ்பின்னர் (புரொப்பெல்லர் நடுவுல இருக்கற கூம்பு) வரைக்கும் ஒட்டாம ஒரு தடவை நிக்க வச்சுப் பாப்பேன். உங்ககிட்ட சொல்லல. மன்னிச்சுக்கோங்க.

ஆனா விங் ஒட்டியாச்சுன்னா ஒரு நல்லது இருக்கு. இப்போ அகலத்த பிடிச்சுட்டு நிக்கறது விங்கும் ஒட்டின கோடும் தான், உள்ள இருக்கற கம்பு இல்ல. காக்பிட்ல இருந்து அந்த கம்பு கண்ணுக்குத் தெரியுதா? கைக்கு எட்டுதா?


அரைகுறை_மெக்கானிக்:

சீட் இன்னும் வைக்கல, அதனால தெரியுது. நுனில சின்ன கட்டர் போகும்.


உப்புத்தாள்_அக்கா:

அப்போ நடுவுல நறுக்கி எடுத்துடுங்க. காக்பிட் ஓரத்த ரெண்டு பக்கமும் விரலால லேசா உள்ள அமுக்கிப் பாருங்க, எவ்வளவு வருதுன்னு.


அரைகுறை_மெக்கானிக்:

நறுக்கிட்டேன். கால் மி.மீ. வருது, அதுக்கு மேல அமுக்க பயமா இருக்கு, விங் பக்கத்துல லேசா ஒரு முனகல் சத்தம் கேட்டுச்சு.


மர_ஆகாயம்:

முனகினா நிறுத்துங்க! கால் மி.மீ.யே போதும், மீதிய கேனப்பிலயே ஈடு கட்டலாம்.

கேனப்பியோட அடி ஓரத்துல ரெண்டு பக்கமும் முக்கால் மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் பட்டை ஒட்டுங்க, சட்டத்தோட உயரத்துக்கு மட்டும், கண்ணாடி மேல ஏறக் கூடாது. இத லிக்விட் சிமென்ட்ல தான் ஒட்டணும், அதுவும் பிரஷ் நுனில ஒரு பொட்டு. சூப்பர் க்ளூ பக்கத்துலயே போகாதீங்க, அதோட ஆவி கண்ணாடி மேல வெள்ளையா பனி படிச்ச மாதிரி பிடிச்சுக்கும். காஞ்சதும் பட்டைய மேல மெல்லிசாவும் கீழ தடிமனாவும் சாய்ச்சு தேய்ங்க, கேனப்பி பாவாடை விரிஞ்ச மாதிரி வந்து உடம்புல சேந்துடும். தேய்க்கறதுக்கு முன்னாடி கண்ணாடி எடத்துல எல்லாம் ரெண்டு சுத்து மாஸ்கிங் டேப் போட்டுடுங்க. பெயின்ட் அடிச்சா பட்டை எது சட்டம் எதுன்னு யாருக்கும் தெரியாது. எஃப்.பி. 6க்கு முன் கண்ணாடி தட்டையா இருக்கும், குண்டு போடற வகை மாதிரி நடுவுல மூக்கு கூர்ந்து வராது, அதனால முன் பக்கம் சேர்ற கோடு நேர்கோடு தான், அதுவாவது உங்களுக்கு சுலபம்.

உடம்போட ஒட்டறது வெள்ளை மரப் பசைல. காஞ்சா கண்ணாடியா ஆயிடும், வழிஞ்சா ஈரப் பஞ்சு குச்சி வச்சு துடைச்சிடலாம், மீதி மயிரிழை சந்தையும் அதுவே அடைச்சுடும்.


பரண்_வாசி:

டிகால் மஞ்சளுக்கு: ஜிப் கவர்ல போட்டு ஜன்னல் கண்ணாடில, படம் வெளிப்பக்கம் பாக்கற மாதிரி டேப் போட்டு ஒட்டிடுங்க. வெயில் படற ஜன்னலா இருக்கணும். ரெண்டு மூணு வாரத்துல மஞ்சள் நல்லாவே வெளுக்கும். ஆனா வெளுத்தா மட்டும் போதாது, பழைய டிகால் தண்ணில போட்ட உடனே அப்பளம் மாதிரி நொறுங்கும். ஷீட்ல வேண்டாத ஒரு சின்ன நம்பர மட்டும் வெட்டி மொதல்ல சோதிங்க. நொறுங்கினா மொத்த ஷீட் மேலயும் கிளியர் வார்னிஷ் ஒரு கோட் அடிச்சு காய விட்டு, அப்புறம் ஒவ்வொண்ணையும் ஓரம் ஒட்டி வெட்டி எடுங்க.

ரேகை பத்தி கேட்டேன், பதிலே வரல.


வேகமா_முடிப்போம்:

இத படிச்சிட்டு நானும் பரண்ல ஏறிட்டேன். ஒரு பழைய கேட்டலினா விமான கிட் கெடந்துச்சு. டேப் போட்டு மொத்தமா நிக்க வச்சுப் பாத்தேன் அக்கா. நிக்கல. தனி த்ரெட் போடறேன்.


அரைகுறை_மெக்கானிக்:

கேனப்பி ஒக்காந்துடுச்சு!! இடது பக்கம் கச்சிதம், வலது பக்கம் ஒரு மயிரிழை, அத வெள்ளைப் பசை தின்னுடுச்சு. நேத்து கிரே பிரைமர் அடிச்சேன், அடிச்சதும் விங் சேர்ற எடத்துல எனக்கு தெரியாத ஒரு கோடு, அப்புறம் மூக்குக்கு கீழ, பீரங்கிக் குழாய் நாலும் வர்ற எடத்துக்குப் பக்கத்துல ஊசி ஓட்டை ரெண்டு தெரிஞ்சுது, டியூப் புட்டி மொதல் தடவையா இப்போ தான் வெளிய வந்துச்சு. உடம்போட வலது பக்கம் ஓடற அந்த மேட்டுப் பட்டைய தேய்க்கல, பயந்து போய் அது மேல டேப் ஒட்டி வச்சிருந்தேன். டிகால் ஜன்னல்ல தொங்குது, இப்போதைக்கு பாதி மஞ்சள்.

ரேகை: தேய்க்கலாம்னு உப்புத்தாள் எடுத்தேன், அதுக்குள்ள அண்ணன் வீடியோ கால்ல வந்தான், காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "அது என்னுது இல்லடா, நீ தான் அப்போ பக்கத்துல ஒக்காந்து கைய வச்சே, அதுக்கு உன்ன நான் அடிச்சேன்"ங்கிறான். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. இப்போ என் கட்டை விரல வச்சுப் பாத்தேன், ரேகை சின்னதா தான் இருக்கு. பிரைமருக்கு அப்புறமும் லேசா தெரியுது, இன்னும் தேய்க்கல.

கலர் கேட்டு அடுத்த வாரம் வரேன். மேல டார்க் கிரீனும் ஓஷன் கிரேயும், கீழ மீடியம் சீ கிரே, அது வரைக்கும் படிச்சு வச்சிருக்கேன். நாசெல் பின் நுனி விங்கத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கே, அதோட அடியில கலர் எந்த எடத்துல மாறுது?